நட்டவர்கள் பட்டியல்
(பழனி மலை வரலாறு – 17)

சென்ற பகுதியை ஏரிக்கரையில் நிறுத்தியிருந்தோம். 1863-இல் மதுரைக் கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச் கொடைக்கானல் ஓடையை மறித்து அணை போட்டதும், தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்ததும் வழிகாட்டி நூல்கள் எல்லாவற்றிலும் உண்டு. அந்த அணைக்கு மண் சுமந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள், என்ன கூலி வாங்கினார்கள் என்ற விவரம் அந்த நூல்களில் இல்லை. 1872-இல் கோக்கர் நடைபாதை வெட்டினார் என்கிறோம். 1908-இல் பிரையண்ட் பூங்கா அமைத்தார் என்கிறோம். கடப்பாரை பிடித்தவர்கள் வேறு யாரோ.

நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய கூலியாட்களின் பெயர் கிடைக்கவில்லை என்றால் அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அறுபது ஆண்டுக்கு முந்தையவர்களின் பெயரும் கிடைக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. வத்தலக்குண்டு வழியாக மலையேறி, கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர், கவுஞ்சி, பெரிஜம் பக்கம் போகிறவர்கள் இருபுறமும் அடர்ந்து நிற்கும் வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரங்களைப் பார்த்து ‘என்ன அழகான காடு’ என்று வியக்கிறார்கள். அது தானாக வளர்ந்த காடு அல்ல. குழி குழியாக வெட்டி, கன்று கன்றாக மனிதர்கள் நட்டது. நட்டவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் வரலாறு எழுதப்படவில்லை.

அதை எழுத முடியும் என்பதற்கு உலகில் ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. மலைக்கு வருமுன் அங்கே போய்வருவோம்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. அடுத்த மூன்றே ஆண்டுகளில் அமெரிக்காவில் வேலைக்குப் போகக்கூடியவர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. 1933 மார்ச் 4 அன்று குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அந்த மாதம் முடிவதற்குள் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மணமாகாத, வேலையில்லாத இளைஞர்களைக் காடுகளில் முகாம் போட்டுத் தங்கவைத்து, மரம் நடவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் காட்டுத்தீயை அணைக்கவும் பாதை போடவும் பயன்படுத்துவது திட்டம். ஏப்ரல் 17 அன்றே வர்ஜீனியா மாநிலக் காட்டில் முதல் முகாம் திறந்துவிட்டது. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். பையன் கைக்கு 5 டாலர். சாப்பாடு, துணி, படுக்கை, வைத்தியம் எல்லாம் முகாமில். ‘குடிமக்கள் காப்புப் படை’ என்று நாம் சொல்லக்கூடிய அந்தப் படையில் 1942-இல் அது கலைக்கப்படும்வரை ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் வேலை செய்தார்கள். முந்நூறு கோடி மரங்கள் நட்டதாகக் கணக்கு.

இந்த எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் விட்டுச்சென்ற காகிதம். முகாமில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு இருந்தது. அந்தக் கோப்புகள் இன்றும் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தாத்தா எந்த முகாமில் இருந்தார், எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்று பேத்தி விண்ணப்பித்துத் தெரிந்துகொள்ளலாம். பல முகாம்கள் சொந்தமாகச் செய்தித்தாள் நடத்தின. மாலையில் வகுப்பு நடந்தது. எழுத்தறியாமல் வந்த பல்லாயிரம் பேர் அங்கேதான் எழுதப் படித்தார்கள். 1977-இல் பழைய படையினர் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன்பின் பல மாநிலங்களில் சட்டையில்லாமல் கோடாலி ஏந்தி நிற்கும் இளைஞனின் சிலை எழுந்தது. முகாம்கள் இருந்த இடங்களில் அருங்காட்சியகங்கள் வந்தன. முதியவர்கள் பேசப் பேச ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் ஒதுக்கிவைத்த அநீதியும் அந்தப் பதிவுகளில் இருக்கிறது.

அவர்கள் செய்த தவறும் இருக்கிறது. மண்ணரிப்பைத் தடுக்கிறேன் என்று தென் மாநிலங்களில் அரசு ‘குட்சு’ என்ற ஜப்பானியக் கொடியைப் பரப்பியது. அந்த நடவில் இந்த இளைஞர்களின் கையும் உண்டு. கொடி மண்ணைப் பிடித்தது. பிறகு மரத்தை, வேலியை, ஆளில்லாத வீட்டை எல்லாம் போர்த்திக்கொண்டு இன்றுவரை ஒழிக்க முடியாத களையாக நிற்கிறது. நல்லெண்ணத்தோடு நட்ட ஒன்று எப்படிக் கேடாக முடிந்தது என்பதை எந்த ஆண்டு, எந்த மாவட்டம் என்று அவர்களால் சொல்ல முடிகிறது. ஏனென்றால் எழுதிவைத்தார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் இதே கதை வரும்.

அதே 1930-களில் நம் பக்கம் என்ன நடந்தது? சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. கடனை அடைக்க வழியில்லாத குடியானவர்கள் வீட்டுத் தங்கத்தை விற்றார்கள். அந்தத் தங்கம் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போனது. மலேயாவில் ரப்பர் விலை சரிந்ததும் தோட்டத் தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். வந்தவர்களுக்கு இங்கே வேலை கொடுக்க எந்தப் படையும் அமையவில்லை. அரசிடம் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1876–78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு எழுதிய பஞ்சவிதித் தொகுப்பு கையில் இருந்தது. மழை பொய்த்துத் தானியம் இல்லாமல் போனால் ஏரி வெட்டவும் சாலை போடவும் ஆளெடுத்துக் கூலி தரச் சொல்லும் விதிகள் அவை. தாது வருடத்தில் அப்படித்தான் சென்னையில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே பக்கிங்காம் கால்வாயை வெட்டினார்கள். ஆனால் 1930-களில் தானியம் மலிந்துகிடந்தது. வாங்கத்தான் கையில் காசில்லை. பஞ்சவிதியின் கண்ணுக்கு அது பஞ்சமே அல்ல. பசித்தவன் பசியைவிடக் களஞ்சியத்தின் நிலையைப் பார்த்துத் திறக்கும் சட்டத்தால் அந்தப் பத்தாண்டில் ஒரு பயனும் இல்லாமல் போனது என்பதே என் முடிவு. மேட்டூர் அணை வேலை அந்த ஆண்டுகளில் நடந்து 1934-இல் முடிந்தது உண்மை. அது 1925-லேயே தொடங்கிய பாசன வேலை. நிவாரணத்துக்காக எடுத்தது அல்ல.

கொடைக்கானலில் அப்போது அமெரிக்க மதுரை மிஷன் குடும்பங்கள் கோடைதோறும் வந்து தங்கிக்கொண்டிருந்தன. அவர்கள் பிள்ளைகளுக்காக 1901-இல் தொடங்கிய ஹைகிளார்க் பள்ளி முப்பது ஆண்டைக் கடந்திருந்தது. செண்பகனூரில் ஏசு சபைத் துறவிகள் மலையின் செடிகொடிகளையும் கல்திட்டைகளையும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஆங்கிலேட், நியூட்டன் ஆகிய இரு பாதிரியார்கள் எழுதிய பழனி மலைக் கல்திட்டைகள் பற்றிய நூல் 1928-இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதர்கள் புதைத்த பானை ஓட்டைக்கூட எண்ணி எழுதிவைத்த மலை இது என்பதற்காகச் சொல்கிறேன்.

மேல்மலை அன்று எப்படி இருந்தது? பெரும்பகுதி புல்வெளி. மலை மடிப்புகளில், ஓடை பிறக்கும் பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை குறிஞ்சி பூப்பது அந்தப் புல்வெளிச் சரிவுகளில்தான். மழைநீரைப் புல்லின் வேர் வாங்கி வைத்து ஆண்டு முழுக்கக் கசியவிடும். தெற்கே வைகைக்குப் போகும் மஞ்சளாறும் வராக நதியும், வடக்கே அமராவதியில் சேரும் குதிரையாறும் சண்முகநதியும் அந்தக் கசிவில் பிறப்பவை. பளியர்களுக்கும் புலையர்களுக்கும் பூம்பாறை, மன்னவனூர்க் குன்னுவர்களுக்கும் அது வாழிடம், மேய்ச்சல் நிலம். ஆனால் அரசுக் கணக்கில் மரம் இல்லாத நிலம் தரிசு.

சுதந்திரத்துக்குப் பின் அந்தத் ‘தரிசை’ப் பயனுள்ளதாக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. தோல் பதனிடும் தொழில் தமிழ்நாட்டின் பெருந்தொழில். அதற்கு வேண்டிய வாட்டில் பட்டை பெருமளவில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த நாட்டின் இனவெறிச் சட்டங்களைக் கண்டித்து 1946-இல் இந்தியா அதனோடு வணிக உறவை முறித்துக்கொண்டது. பட்டையை நாமே விளைவிக்க வேண்டிய தேவை கூடியது. ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் வனத்துறை நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளில் வாட்டிலை நட்டது. செயற்கை இழைக் கூழுக்காக யூகலிப்டஸும் சேர்ந்தது. அன்றைய அதிகாரிகளை வில்லன்களாக்க எனக்கு மனம் வரவில்லை. காடு வளர்க்கிறோம், அன்னியச் செலாவணி மிச்சப்படுத்துகிறோம், மலைச்சனத்துக்கு வேலை கொடுக்கிறோம் என்று நம்பித்தான் செய்தார்கள்.

வேலைக்கு ஆள்? இங்கேதான் மலையின் கதை கடல் தாண்டுகிறது.

1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்து, 1948-க்குப் பின் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று முடிவாயிற்று. 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, கையில் ஒரு குடும்ப அட்டையோடு அவர்கள் உள்நாட்டுக்குள் சிதறினார்கள். பெரும்பாலோருக்கு இந்தியா பாட்டன் சொல்லிக் கேட்ட ஊர், கண்ணால் கண்டதில்லை.

அவர்களுக்கு வேலை தர அரசு எடுத்த முயற்சிகளில் நீலகிரித் தேயிலைத் தோட்டம் எல்லோரும் அறிந்தது. 1968-இல் வனத்துறையின் திட்டமாகத் தொடங்கிப் பின்னர் ‘டான்டீ’ என்ற அரசுக் கழகமாக வளர்ந்தது. பொருளாதாரச் சரிவில் சிக்கியவர்களுக்கு அமெரிக்கா செய்ததற்கு நம் நாட்டில் மிக அருகில் வருவது இதுதான் என்று கருதுகிறேன்: அரசே முதலாளி, வனத்துறையே மேற்பார்வை, வேரறுந்து வந்தவர்களே தொழிலாளர். பழனி மலைக்கு வந்தவர்களின் கதை வேறு. மலைக்குளிர் பழகியவர்கள், சரிவில் கால் ஊன்றி வேலை செய்யத் தெரிந்தவர்கள் என்பதால் கொடைக்கானலுக்கும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வந்தன. அவர்களுக்கு இங்கே கிடைத்தது தோட்ட வேலை அல்ல, காட்டு வேலை. குழி வெட்டுவது, நாற்றங்காலிலிருந்து கன்று சுமப்பது, தீத்தடுப்புக் கோடு வழிப்பது, மரம் முற்றியதும் பட்டை உரிப்பது.

பட்டை உரிப்பு மழைக்கால வேலை. மரத்தில் நீரோட்டம் இருக்கும்போதுதான் பட்டை நீளமாகக் கழன்று வரும். வெயிலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் மேல்மலை மழையிலும் மூடுபனியிலும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குடும்பமே இறங்கும். ஆண் அரிவாளால் கீறி உரிப்பான். பெண்ணும் பிள்ளைகளும் கட்டுக்கட்டிச் சுமப்பார்கள். அருகிலேயே தகரமோ புல்லோ வேய்ந்த கொட்டகை. பல இடங்களில் வேலை ஒப்பந்ததாரர் கைக்குப் போனது. முன்பணம் கொடுப்பார், அரிசி, பருப்பும் அவரே கொடுப்பார், கூலியில் கழிப்பார், கழித்துத் தீராது. இலங்கையில் கங்காணியிடம் பட்ட கடனைப் போலவே இங்கேயும் ஒரு கடன். இப்படிக் கொடைக்கானல் மலையில் தாயகம் திரும்பியோர் பலர் கொத்தடிமைகளாக இருந்தது 1980-களில் மனித உரிமை ஆர்வலர்களின் முயற்சியால்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. விடுவிக்கப்பட்டார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

அமெரிக்க முகாம் இளைஞனுக்கு வீட்டுக்குப் போன 25 டாலர் கணக்கில் இருக்கிறது. நம் மலையில் பட்டை உரித்தவருக்கு என்ன போனது என்ற கணக்கு ஒப்பந்ததாரரின் நோட்டுப் புத்தகத்தில் இருந்திருக்கும். அந்த நோட்டை எந்தக் காப்பகமும் கேட்டு வாங்கவில்லை.

இப்போது நடவின் விளைவைப் பார்ப்போம். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, 1973-க்கும் 2014-க்கும் இடையே பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று காட்டியது. மரத்தோட்டங்களும் வேளாண்மையும் அந்த இடத்தைப் பிடித்தன. நட்ட இடத்தோடு வாட்டில் நிற்கவில்லை. தானே விதைத்துப் பரவியது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டாலோ தீ பட்டாலோ ஆயிரக்கணக்கில் முளைத்து வரும். குட்சுக் கொடியின் கதைதான், வேறு மலையில்.

1985-இல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்புக் குழு மலையின் நிலையைப் பொதுப் பேச்சாக்கியது. நாற்றங்கால்கள் வைத்து உழவர்களுக்குக் கன்றுகள் தந்தது. பாதிரியார் கே.எம். மேத்யூ பழனி மலைத் தாவரங்களை மூன்று தொகுதிகளாக 1999-இல் வெளியிட்டார். பிரிட்டனிலிருந்து வந்து வட்டக்கானலிலேயே தங்கிவிட்ட பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும் சோலை மரங்களை விதையிலிருந்து வளர்க்கப் பழகினார்கள். அவர்கள் கண்ணில் பட்ட ஒரு விஷயம் முக்கியமானது. சோலையை ஒட்டி நிற்கும் பழைய வாட்டில் தோட்டத்தின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக முளைக்கின்றன. அங்கே போய் ஒட்டுமொத்தமாக வெட்டினால் சோலையும் சாகும், வாட்டிலும் மறுபடி வரும். புல்வெளி நடுவே புதிதாகப் பரவிய வாட்டிலை மட்டும் அகற்றினால் புல் திரும்ப வாய்ப்புண்டு. எங்கே எதைச் செய்வது என்று முடிவெடுக்க ஒன்று தெரிந்தாக வேண்டும்: அந்தச் சரிவில் எந்த ஆண்டு நட்டார்கள், நடுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது?

வனத்துறைப் பதிவேடுகளில் நடவின் ஆண்டும் பரப்பும் இருக்கும். நடுவதற்கு முன் அந்தச் சரிவில் எத்தனை ஓடை ஓடியது, ஊற்று எங்கே இருந்தது, குறிஞ்சி எந்த முகட்டில் பூத்தது என்பதெல்லாம் குழி வெட்டியவருக்குத்தான் தெரியும். புல்வெளியைக் கடைசியாக மண்வெட்டியோடு பார்த்தவர் அவர். அவரிடம் ஏன் இத்தனை காலம் யாரும் கேட்கவில்லை? செண்பகனூரில் பூச்சிக்கும் பாம்புக்கும் லத்தீன் பெயரோடு சீட்டு ஒட்டி வைத்த மலையில், பளியர் மூப்பனும் மலையகத்திலிருந்து வந்த தோட்டக்காரியும் தகவல் தெரிந்தவர்களாக யாருக்கும் தோன்றவில்லை. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. சொல்லாமல் இந்தத் தொடரை நகர்த்த முடியாது.

கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 608.95 சதுர கிலோமீட்டர். 2022-இல் தமிழக அரசு அயல் படையெடுப்புத் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது. மேல்மலையில் வாட்டில் வெட்டப்படும் காலம் வந்துவிட்டது. வெட்டத்தான் வேண்டும், பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த மரங்கள்தாம் நட்டவர்கள் உழைத்ததற்கு இன்று கண்ணெதிரே நிற்கும் சாட்சி. மரமும் போய், ஆளும் போனால், ஒரு தலைமுறையின் உழைப்பு நடந்ததற்கே தடயம் இருக்காது.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. ரேஞ்ச் அலுவலகங்களில் பழைய மஸ்டர் ரோல்கள் எவையேனும் மிஞ்சியிருந்தால், கழிவுத்தாளாகப் போகும் முன் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். கைநாட்டுக்கு எதிரே பெயர் எழுதியிருக்கும் காகிதம் வேறு எங்கும் கிடைக்காது. நடவுப் பதிவேடுகளைப் படமெடுத்து வைக்க வேண்டும். தாயகம் திரும்பியோரின் குடும்ப அட்டைகள் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றை வாங்கிக்கொண்டு போகாமல், வீட்டிலேயே வைத்துப் படி எடுத்துத் திருப்பித் தர வேண்டும். மதுரை, திண்டுக்கல் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையை இதற்குக் கொடுத்தால் போதும். எந்தச் சரிவில் நட்டீர்கள், யார் மேஸ்திரி, என்ன கூலி, கொட்டகை எங்கே போட்டீர்கள், முன்பு அங்கே தண்ணீர் இருந்ததா என்று கேட்டு, முடிந்தால் அவர்களையே கூட்டிப்போய் இடத்தைக் காட்டச் சொல்லி வரைபடத்தில் குறிக்க வேண்டும். கடனில் மாட்டியதையும் கேட்க வேண்டும், அவர்கள் சொல்ல விரும்பினால்.

1968-இல் இருபது வயதில் மலையேறியவருக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. அடுத்த கோடைக்குத் தள்ளிப்போட வேண்டாம். இதைப் படிப்பவர்களில் மேல்மலைக் காட்டு வேலைக்குப் போனவர்கள், அவர்கள் பிள்ளைகள், பழைய வனக்காவலர்கள் இருந்தால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். எழுத வராதவர்கள் யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்லுங்கள். சரிவின் பெயர், ஆண்டு, கூட வேலை செய்தவர்கள் பெயர் மூன்றும் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் நினைவிருந்தாலும் அனுப்புங்கள். வரும் கடிதங்களைத் தேதி போட்டு அப்படியே பாதுகாப்போம்.

(தொடரும்)